அண்ணாச்சி பதில்கள்: பேரேட்டைக் கையில் வாங்குமுன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. அந்தத் தம்பி கேட்ட கேள்வி என் சொந்தப் புண்ணைத் தொட்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம். எங்களுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம், தாத்தா காலத்துக் கடை. இப்போது கடையிலிருந்து போகிற சரக்கில் பாதிக்கு மேல் சீனி கலந்து காய்ச்சியது. பில்லில் 'சுத்தமான பனங்கருப்பட்டி' என்றுதான் போடுகிறோம். அப்பா சபையின் சேகரக் கமிட்டியில் இருக்கிறார்கள். கோயில் அசன விருந்துக்கு வருஷா வருஷம் ஐந்து மூட்டை அரிசி எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. கேட்டால், 'ஊரே இப்படித்தான் விற்கிறது, கலக்காமல் விற்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்' என்கிறார்கள். வருகிற பங்குனியில் கடையை என்னிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். வாங்கிக்கொள்ளவா, வேறு வேலை பார்த்துப் போகவா?
— 29 வயது வாசகர், திசையன்விளை

பதில்: தம்பி, கடையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சாவியை வாங்குமுன் பேரேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். நான் படிக்கவில்லை. அதனால் பதினோரு வருஷம் பிறத்தியார் காசில் சாப்பிட்டேன்.

என் அப்பாவும் உங்கள் அப்பாவைப் போலத்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிக்குமுன் கோயிலில் இருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் ஜெபம் தப்பாது. 1981இல் அப்பா இறந்தபோது கருப்பட்டி மண்டி என் கைக்கு வந்தது. கூடவே சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்றும் வந்தது. பக்கத்துக்கு ஒரு பனையேறிக் குடும்பம். மழைக்காலத்தில் மரத்தில் வேலை இருக்காது, கையில் காசும் இருக்காது. அப்போது எங்களிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்கு ஈடாகப் பருவம் முழுக்கக் காய்ச்சுகிற கருப்பட்டியை எங்களுக்கே போட வேண்டும். விலை நாங்கள் சொல்வதுதான், எப்போதும் சந்தை விலைக்குக் கீழே. நிறுக்கும்போது ஓலைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. பருவம் முடிகிற நேரத்தில் கடன் அடைந்திருக்காது. அதன் தலைமேல் அடுத்த முன்பணம் ஏறும். தகப்பன் பக்கத்திலிருந்து மகன் பக்கத்துக்குப் பேர் மாற்றி எழுதின கடன்களும் அதில் உண்டு.

நாங்கள் ஒரு சிரட்டைக் கருப்பட்டியில்கூடச் சீனி கலந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே நான் நல்ல வியாபாரி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

1992 ஆவணி. மரத்திலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். அடக்கம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். தலையிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார். உள்ளே மூன்று அடுக்குக் கருப்பட்டி. மேலடுக்கில் இரண்டு மட்டும் சிரட்டையிலிருந்து சரியாகக் கழன்று வராமல் ஓரம் நொறுங்கியிருந்தது. அவருடைய கணவர் கடைசியாக இறக்கிய பதநீரில் காய்ச்சியது.

"மொதலாளி, எங்க வீட்டுக்காரரு கணக்குல எவ்வளவு நிக்கின்னு பாத்துச் சொல்லுங்க. பிள்ளையள நான் மரத்துல ஏத்த மாட்டேன். இருக்கிறத அடச்சிட்டு எங்க அண்ணன்கிட்ட போயிருதேன்."

பக்கத்தைப் புரட்டினேன். 640 ரூபாய் என்று இருந்தது. இருந்ததை அப்படியே சொல்லவும் செய்தேன். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தார். நூறு ரூபாய்த் தாள் ஒன்று, மற்றதெல்லாம் பத்தும் ஐந்தும். எண்ணுகிற விரலெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெடித்திருந்தது. கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவித் தடவி வருகிற வெடிப்பு அது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் கை நடுங்கியது. "இன்னைக்கு வேண்டாம்மா, கணக்க ஒரு தடவ சரிபாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி ஜெபம் முடிந்த பிறகு நானும் என் மனைவியும் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் சந்தை விலை போட்டு, கழிவைத் தள்ளிவிட்டு, திரும்பக் கூட்டினோம். அவள்தான் பென்சிலால் எழுதினாள். அந்தக் கடன் ஆறு பருவத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஏறி இறங்கியதில் எங்கள் பெட்டிக்குக் கூடுதலாக வந்தது ஏறக்குறைய 4,000 ரூபாய். ஒரு பனைக்குக் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏற வேண்டும். அவர் முப்பது பனை ஏறினவர். என் மனைவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இந்தச் சோத்துக்குத்தான நாம ஸ்தோத்திரம் பண்ணிட்டுச் சாப்பிட்டோம்" என்றாள்.

கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் தங்கக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்த இடம். வயலுக்கு வருகிற ஆளுக்குச் சாயங்காலமே கூலி கொடுத்துவிடுவோம், அதனால் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்தாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மண்டிக்குச் சரக்குப் போடுகிறவருக்கு நாம் கொடுக்கிற விலையும் கூலிதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

எனக்கு மிகவும் வலித்தது இன்னொன்று. நம் ஊர்களெல்லாம் எப்படி உண்டானவை என்று யோசித்துப் பாருங்கள். 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உண்டாக்கியது, விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒண்ட ஓர் இடம் வேண்டும் என்றுதான். சாயர்புரம், சாயர் என்கிற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர். 1830இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் ஆரம்பித்த தர்ம சங்கத்தின் வேலையே, போக்கிடம் இல்லாத கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவது. அப்படி வாங்கின ஒரு மண்ணில்தான் எங்கள் முன்னோர் முதல் குடிசை போட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். பிறத்தியாருக்கு அடிமைப்படாமல் பிழைக்கட்டும் என்று யாரோ காசு போட்டு உட்கார வைத்த வம்சம். அந்த வம்சத்தில் வந்த நாங்களே சொந்த ஜனத்தைக் கட்டிவைக்க ஒரு பேரேடு போட்டுவிட்டோம்.

மற்றப் பக்கங்களையும் பார்த்து முடிக்க நான்கு மாதம் ஆனது. ஒன்றரை ஏக்கர் வயலை விற்றோம். வேதத்தில் வருகிற ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) சகேயுவைப் போல நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. எடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான் கொடுத்தோம். வீடு வீடாக இரண்டு பேரும் போனோம். முதலில் போனது அந்த அம்மா வீட்டுக்கு. சிலர் அழுதார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள், அது அவர்களுக்கு உரிமை. ஒரு பெரியவர் பணத்தைக் கையில் வாங்காமல், "இது கெடக்கட்டும் மொதலாளி. இனிமே எங்க கண்ணு முன்னால வச்சு நிறுங்க" என்றார். மறுநாளே உள்கட்டில் தொங்கிய தராசு வாசல் திண்ணைக்கு வந்தது. முன்பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மழைக்காலத்தில் அவர்கள் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். முன்பணத்தைத் தனி நோட்டிலும் சரக்கு விலையைத் தனி நோட்டிலும் எழுத ஆரம்பித்தோம். சரக்குக்குச் சந்தை விலை.

இனி உங்கள் விஷயம். கலந்ததைக் கலந்தது என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சுத்தம் என்று எழுதி விற்றால் அது நீதிமொழிகள் 11:1 சொல்கிற கள்ளத்தராசு. 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் பொய்யான பேர் போட்டு உணவுப்பொருள் விற்பது குற்றம்.

ஊரே கலக்கிறது என்று அப்பா சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஏன் கலக்கிறார்கள்? விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், காய்ச்சுகிற பெண் விறகுக்கு அலைந்து, பானையடியில் மணிக்கணக்காக நின்று, கிண்டி இறக்குகிறாள். அவளுடைய சுத்தமான கருப்பட்டிக்கும் பக்கத்து விடிலியின் சீனிக் கருப்பட்டிக்கும் நாம் ஒரே விலை போட்டால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? சீனி மூட்டையை விடிலிக்குள் கொண்டுவந்தது வியாபாரிதான் தம்பி. அதை வெளியே எடுக்கவும் வியாபாரியால்தான் முடியும்.

முதல் பருவத்தில் பத்துக் குடும்பத்தை மட்டும் பிடியுங்கள். காய்ச்சுகிற நேரத்தில் நேரில் போய், பதநீர் பாகாகிற கூப்பனிப் பதம் வருகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். சீனி ஏறினது உடைந்த இடத்தில் மினுமினுக்கும். வாயில் போட்டால் வெறும் இனிப்புத்தான் நிற்கும், பதநீருக்கு உரிய அந்த லேசான கரிப்பு இருக்காது. நல்ல சரக்குக்குக் கூடுதல் விலை கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள். கடையில் இரண்டு அடுக்கு, இரண்டு விலை, பில்லில் இரண்டு பேர். பழைய வாடிக்கையில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு ஒரு வருஷத்துச் செலவுப் பணம் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிற காலம் இது. அசலைத் தேடி வந்து வாங்குகிற ஆட்கள் என் காலத்தைவிட இப்போது அதிகம்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? சபையார் முன்னாலோ அம்மா முன்னாலோ வேண்டாம். கடையைப் பூட்டின பிறகு தனியாக உட்கார்ந்து, 'லைசென்ஸ் என் பேருக்கு மாறுகிற நாளிலிருந்து பில்லில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன், அதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள்' என்று கேளுங்கள். அதற்குமேல் அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். அசனத்துக்கு ஐந்து மூட்டை ஒரு மூட்டையாகக் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமலே ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அம்மா இருக்கிறார்கள். இரண்டு அண்ணன்கள், நான் ஒருத்தி. அப்பா சம்பாதித்து வாங்கின 90 சென்ட் தோப்பு இருக்கிறது. 'உனக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு' என்கிறார்கள். விசுவாசியாக இருந்துகொண்டு கூடப்பிறந்தவர்களோடு பங்குக்கு நிற்கலாமா?
— வாசகி, நாசரேத்

பதில்: நிற்கலாம் தங்கச்சி. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் வந்து, எங்கள் தகப்பனுக்குரிய காணி எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் பேசுகிறது சரி என்று கர்த்தரே சொன்னார். அங்கே ஆண்பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம். நம் தேசத்துச் சட்டத்தில் அந்த வித்தியாசமும் கிடையாது.

கிறிஸ்தவர்களான நமக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்துபோனவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல். உங்கள் 90 சென்டில் அம்மாவுக்கு 30, உங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு 20. நகைக் கணக்குக்கும் பதில் அதே சட்டத்தின் 49ஆம் பிரிவில் இருக்கிறது. தகப்பன் உயிரோடிருக்கும்போது ஒரு பிள்ளைக்குச் செய்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது. பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுக்குப் போகுமுன் சபைக் குருவானவர் ஐயரையும், இரண்டு தரப்பிலும் மரியாதை உள்ள ஒரு பெரியவரையும் வீட்டில் உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மாவின் 30 சென்டைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் கடிதத்திலும் இல்லை. முதலில் அதைப் பேசுங்கள். அண்ணன்களில் யாராவது நிஜமாகவே கஷ்டத்தில் இருந்து, உங்கள் 20 சென்டை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனதிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் 'இது தங்கச்சி பங்கு' என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகு கொடுங்கள். துக்க வீட்டில் நீட்டுகிற பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பேக்கரி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல வியாபாரம். திறக்கலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பனையேறிகளுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. பாளையைச் சீவாமல் விட்டால் சுரப்பு நின்றுபோகும், மரம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காது. இருட்டோடு ஏறி இறங்கிவிட்டு, தலை ஈரம் காயாமல் கோயிலில் வந்து உட்காருவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மண்டிக்கு அந்த அவசியம் இல்லை, அதனால் பூட்டினேன். உங்கள் அவசியம் எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும். ஓய்வுநாள் கட்டளையில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. நீங்கள் ஆராதனைக்குப் போய்விட்டு, கல்லாவில் பையனை உட்கார வைத்தால் அது ஓய்வுநாள் ஆகாது. பூட்டினால், அவனுக்கு அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. நான்கு தலைமுறையாக நடத்துகிற ஜவுளிக்கடை. மகன் கனடாவில், மகள் கோயம்புத்தூரில். இரண்டு பேருக்கும் கடை வேண்டாமாம். தாத்தா வைத்த பேர் என்னோடு முடிகிறதே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சொத்தில் ஒரு பங்கைத் திருப்பணிக்கு எழுதி வைக்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். என் மகனும் மண்டி வேண்டாம் என்றான். ஒரு வருஷம் அவனோடு சரியாகப் பேசவில்லை. அது என் தப்பு.

உங்கள் ஊரில்தான் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்த அசரியா, வெள்ளாளன்விளை என்கிற தேரிக்காட்டுப் பக்கத்துச் சிற்றூரில் கிராமத்துக் குருவானவர் ஒருவரின் மகன். தகப்பன் இறக்கும்போது அவர் இன்னும் படிக்கிற பையன். கடையோ தோப்போ அவருக்கு வரவில்லை. பிற்பாடு 1912இல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் பேராயராகப் போனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். சொந்த ஊரில் தகப்பன் செய்த வேலையை அதே இடத்தில் செய்திருந்தால் அந்த ஊழியம் நடந்திருக்காது. உங்கள் பிள்ளைகள் இருக்கிற ஊரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள், வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கடையைப் பற்றிக் கேட்பதைவிட அது உங்களுக்கு நல்ல தூக்கம் தரும்.

கடையை என்ன செய்வது? என் மண்டியை 26 வருஷம் திண்ணையில் நின்று எடை போட்ட பையனுக்கே கொடுத்தேன். பையன் என்கிறேன், அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஒரே தவணையில் அவரால் முடியாது, எட்டு வருஷத் தவணை போட்டோம். பலகையில் என் அப்பா பேர் இப்போது இல்லை. உங்கள் கடையிலும் அப்படி ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

எழுதி வைக்கலாமா என்றால், வைக்கலாம். கிறிஸ்தவர்கள் தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதினால் சாவதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் முன்பு வாரிசுரிமைச் சட்டத்தில் இருந்தன. 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று நீக்கிவிட்டது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுகிறவரோ அவர் மனைவியோ கணவனோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு செல்லாமல் போகும், கவனம். எழுதுமுன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இறந்த பிறகு உயிலில் படித்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அதோடு, கடையில் இத்தனை வருஷம் நின்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டுத் திருப்பணிக்கு எழுதுங்கள்.

எங்கள் வீட்டு அடுக்களையில் கோயில் காணிக்கைக்கான கைப்பிடி அரிசிக் கலயம் இன்னும் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும் என்று என் அம்மா பழக்கியது. என் மனைவி போன பிறகு மருமகள் போடுகிறாள். அந்தச் சிவப்புப் பேரேட்டை எரித்துவிடலாமா என்று மகன் ஒரு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். வேதப்புத்தகம் இருக்கிற அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். போன மே மாத விடுமுறையில் மூத்த பேத்தி அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். மையில் எழுதின கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டி, "இது யார் எழுத்து தாத்தா?" என்று கேட்டாள். ஆச்சி எழுத்து என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன்.